அதிபர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்

அண்ணன்,

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கும் பகற்சாப்பாட்டுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில், பூவரசடி வித்தியாலயத்தின் அதிபருக்குப் பெயர் வைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. பாடசாலை தொடங்கிய நாள் முதல் பெயரில்லாமல் இருந்து வந்த பதவி அது. பிரேரணையை முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. தாங்கள் சமூகமளிக்காமைக்கான காரணம் சபைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தபடியால் விளக்கம் கோரப்படவில்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் அதற்கு முதல்நாள் கொழும்பு பஸ்ஸில் வந்த ஒரு பொதி. பிரித்ததும் புது மையின் வாசனை அடித்தது. அச்சுப்படி வரும் நாட்களில் கட்டை அவிழ்க்க நீங்கள் விடமாட்டீர்கள். முதலில் மூக்கருகே கொண்டுபோய் ஆற அமர முகர்ந்து பார்ப்பீர்கள். "புள்ளைகள் வந்திட்டாங்க, காக்கா" என்பீர்கள். அதன் பிறகுதான் நூலை அறுக்கலாம். இந்த முறை முகர்ந்து பார்க்கும் கடமை எனக்கு வந்து சேர்ந்தது. முகர்ந்துவிட்டுத் திறந்தேன். உள்ளே ஒரு கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்றின் அட்டை பச்சை. மற்றதன் அட்டை காவி.

உங்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் நமது ஊரில் ஒருவருக்கு எழுதிய மடலை இன்னொருவர் தோளுக்கு மேலால் எட்டி வாசிப்பது வழக்கம். வாசிப்பதோடு நில்லாமல் இடையில் சந்தேகம் கேட்பதும் வழக்கம். அவர்களுக்காகச் சில விடயங்களை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் சந்தித்தது ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்கான ஒரு மாதிரிப் பரீட்சையின் விடைத்தாள் திருத்தும் மண்டபத்தில். பரீட்சை தமிழில் என்பதால் தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கத்து ஆசிரியர்களையும் ஒரே மண்டபத்தில் இருத்தியிருந்தார்கள். நமக்கெல்லாம் மொழி ஒன்று என்பது இந்தக் கரையில் அதிகாரபூர்வமாக நினைவுகூரப்படுவது விடைத்தாள் திருத்தும் காலத்தில் மட்டுமே. நான் சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்தேன், நீங்கள் பாண்டிருப்பிலிருந்து. முதல் வார்த்தையிலேயே நீங்கள் என்னைக் காக்கா என்றீர்கள், நான் உங்களை அண்ணன் என்றேன். இரண்டும் மூத்தவனுக்குரிய சொல். நமக்கு ஒரே வயது என்பது பின்னர் தெரியவந்தபோதும் இருவரும் மூத்தவர் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர் மீது சுமத்துவதையும் நிறுத்தவில்லை.

அன்று ஒரு விடைத்தாளை என் பக்கம் தள்ளினீர்கள். கேள்வி இப்படி இருந்தது: கமலநாதன் தனது தோட்டத்தில் இருபது அப்பிள் பறித்தான், ஏழு அப்பிளைத் தங்கைக்குக் கொடுத்தான், மீதி எத்தனை? பிள்ளை எழுதியிருந்த விடை: "கமலநாதன் எங்கட வகுப்பில் இல்லை."

"இதுக்கு எத்தின புள்ளி போடுவீங்க, காக்கா?"

"பூச்சியம்தான். கேட்டது மீதி எத்தின எண்டு."

"புள்ளை பொய் சொல்லல்லையே. ஆளே இல்லை எண்டு சொல்லுது. ஆளில்லாட்டி அப்பிள் எங்கால?"

"அண்ணன், புள்ளித்திட்டத்தில இதுக்கு இடமில்ல."

"அப்ப புள்ளித்திட்டத்தில புள்ளைக்கும் இடமில்ல. தோட்டத்தில அப்பிள் பறிக்கிறவனுக்கு மட்டும் இடம் கிடக்கு."

மேற்பார்வையாளர் வந்து நமக்கு நடுவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம், கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையின் கடைசி மேசையில், பூவரசடி வித்தியாலயம் தாபிக்கப்பட்டது. அமைச்சின் அனுமதி பெறப்படவில்லை. பிள்ளைகளுக்கான பயிற்சி நூல் ஒன்றை எழுதுவது, அதில் வரும் கணக்கும் வாசிப்பும் எல்லாம் ஒரே பாடசாலையில், ஒரே வகுப்பில், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய பிள்ளைகளுக்கு நடப்பது என்பது திட்டம். கொழும்பில் ஒரு பதிப்பகம், விலை போகுமென்று நம்பி, எடுத்துக்கொண்டது.

பூவரசடி எங்கே இருக்கிறது என்று எந்தப் பதிப்பிலும் நாம் எழுதவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வயல் சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. எந்தப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது என்ற கேள்வியை நாம் எழுப்பவில்லை. செயலகத்துக்காக இரண்டு பக்கமும் இழுபடும் கல்முனையில் அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் இன்றும் அந்தக் கேள்வியோடுதான் நிற்கிறார்கள்.

பெயர் வைக்கும் வேலைக்கு நீங்கள் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தீர்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு நீங்கள் பெயர் வைப்பது, தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் வைப்பது. "சொந்தப் பக்கத்துக்குப் பேர் வைக்க வெளிக்கிட்டா மாமிமார் குறுக்க வருவாங்க" என்றீர்கள். சரியான கணிப்பு. நான் எந்த முஸ்லிம் பெயரை நினைத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கல்யாண வீடும் ஒரு காணிச் சண்டையும் வந்து நின்றன. உங்களுக்கு அந்தச் சுமை இருக்கவில்லை. றிஸ்லாவை நீங்கள் முதல் நாளே பெற்றெடுத்தீர்கள். இடக்கைப் பழக்கம், வாய் ஓயாது, கணக்கில் புலி. நான் கோகிலவாணியைக் கொண்டுவந்தேன். உயரம், கடைசி வாங்கு, கேள்வி கேட்டால் கூரையைப் பார்ப்பாள். இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினோம். நிஜத்தில் அவர்கள் இருவரும் ஒரே வீதியின் இரண்டு பக்கத்து இரண்டு பாடசாலைகளுக்குப் போய், விளையாட்டுப் போட்டியின் சத்தத்தை மட்டும் மதிலுக்கு மேலால் கேட்டு வளர்ந்திருப்பார்கள்.

ஒழுங்கில் தவறுகளும் நேர்ந்தன. நான் ஓர் ஆண்பிள்ளைக்குக் கௌரி என்று வைத்தேன்.

"காக்கா, அது பொம்புளைப் பேர்."

"எங்கட வங்கி மனேஜர் கௌரி ஆம்புளைதானே?"

"அவர் கௌரிதாசன். நீங்க அரைவாசியத்தான் கூப்பிடுறீங்க."

நீங்களும் ஒரு மௌலவிக்கு மும்தாஸ் என்று வைத்துக் கொண்டுவந்தீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே வெட்டினீர்கள்.

இதைவிடப் பெரிய விதி ஒன்று இருந்தது: இந்தக் கரையில் வாழ்கிற எவருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. விதியைப் போட்டவர் நீங்கள். போட்டபின்னர்தான் அது நிறைவேற்ற முடியாதது என்று தெரிந்தது. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை ஒரு கையளவு பெயர்களையும் அதைவிடக் குறைந்த முதலெழுத்துகளையும் வைத்துக்கொண்டுதான் நமது மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சமாளித்து வருகிறார்கள். கடிதம் தபாற்காரரின் ஞாபகத்தில்தான் வீடு சேருகிறது. இதில் ஒருவருக்கும் சொந்தமில்லாத பெயரைத் தேடுவது, சந்தையில் ஒருவரும் தொட்டுப் பார்க்காத மீனைத் தேடுவதைப் போன்றது.

முதற் பதிப்பில் மணி அடிக்கும் சிற்றூழியருக்கு ஆதம்பாவா என்று வைத்தோம். அவர் பிந்தி மணி அடிப்பவர். பாடம் அதனால் நீண்டு, பிள்ளைகள் கழித்தல் கணக்கால் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகம் வெளிவந்த கிழமையே ஒருவர் தேத்தண்ணிக் கடைக்குள் வந்து நமது மேசைக்கு முன்னால் நின்றார். சீமெந்து, கம்பி விற்கும் கடைக்காரர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை உறுப்பினர், வெள்ளைச் சேட்டு போட்டவர்.

"மணி அடிக்கிற ஆதம்பாவாவ எழுதின ஆக்கள் நீங்கதானே?"

"ஓம்" என்றீர்கள்.

"நான் ஆதம்பாவா."

"நீங்க மணி அடிக்கிறீங்களா, காக்கா?"

"இல்ல."

"அப்ப அது நீங்க இல்ல."

"அது எனக்குத் தெரியும், சேர். ஊருக்குத் தெரியணுமே! கடைக்கு வாறவன் ஒருத்தனும் சீமெந்து கேக்கான் இல்ல. நேரம் கேக்கான்."

நீங்கள் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டி சொல்லி, மணி அடிப்பவருக்கு வேறொரு பெயரை அவரையே சொல்லச் சொன்னீர்கள். அவர் யோசிக்கவே இல்லை. உடனே ஒரு பெயர் சொன்னார். அது அவருடைய மச்சினனின் பெயர்.

நாம் பெயரை மாற்றவில்லை. அடுத்த பதிப்பில் ஆதம்பாவா நேரத்துக்கு மணி அடித்தார். கழித்தல் கணக்கை ஒரு முஸ்லிம் பிள்ளையின் மாம்பழங்களுக்கு நகர்த்தினோம்.

அதுவும் ஆபத்தாக முடிந்தது. என் பக்கத்திலிருந்து கல்வி நலன் விரும்பிகள் சிலர் வந்தார்கள். அவர்கள் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஆராய்ந்திருந்தார்கள். "சேர், எங்கட புள்ளைக்கு எப்பவும் கழித்தல். அவங்கட புள்ளைக்குக் கூட்டல். இது தற்செயலா?" என்று கேட்டார்கள். அதே மாதத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வேறு சில நலன் விரும்பிகள் வந்து, பாடசாலைக்குப் பிந்தி வரும் பிள்ளை ஏன் தமிழ்ப் பிள்ளை என்று கேட்டார்கள். இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று சந்திக்காமலே ஒரே கேள்வியை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டிருந்தன. நீங்கள் இரண்டு குழுக்களுக்கும் ஒரே மரியாதையோடு ஒரே பதிலைச் சொன்னீர்கள்: "கவனத்தில எடுக்கிறம்." அடுத்த பதிப்பில் மாம்பழங்களை இழந்தது ஒரு குரங்கு. பாடசாலைக்குப் பிந்தி வந்ததும் அதே குரங்கு. அந்தக் குரங்கு எந்தச் சமூகம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது அதிபர். பிள்ளைகளை எண்ணிப் பங்கு போடலாம், ஆசிரியர்களையும் போடலாம். அதிபர் ஒருவர்தான். அவர் எந்தப் பக்கம் என்பது தீராதபடியால் அவருக்குப் பெயர் வைப்பது உங்கள் வேலையா என் வேலையா என்பதும் தீரவில்லை. இந்த நிலையில் வாசிப்புப் பகுதி ஒன்றில் வகுப்புக்குள் ஆடு புகுந்துவிட்டது. றிஸ்லாவும் கோகிலவாணியும் அதிபரிடம் முறைப்பாடு சொல்லக் கந்தோருக்கு ஓடுகிறார்கள். கந்தோர் வாசல் வரை கதையைக் கொண்டுவந்துவிட்டு இருவரும் பேனாவோடு உட்கார்ந்திருந்தோம். நீங்கள்தான் எழுதினீர்கள்: "அதிபர் வலயக் கந்தோரில் கூட்டத்துக்குப் போயிருந்தார்."

அன்றிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. பரிசளிப்பு விழாவில் அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மழையில் கூரை ஒழுகியபோது கூட்டத்துக்குப் போயிருந்தார். சுற்றுலா போன நாளில் பஸ் ஒலுவில் துறைமுகத்துக்குப் போனது, அதிபர் கூட்டத்துக்குப் போனார். பதிப்புக்குப் பதிப்பு கூட்டம் நீண்டது. ஆசிரியர்கள் பலர், புத்தகத்தில் மிகவும் உண்மையான பகுதி அதுதான் என்று நம்மைப் பாராட்டினார்கள். ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. இல்லாத அதிபரோடு எல்லோருக்கும் நல்ல பழக்கம்.

ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வு ஒன்றில் கல்வி அதிகாரி ஒருவர் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறதா? "சேர்மார், இப்பிடி எல்லாரும் கலந்து இருக்கிற வகுப்பு கல்முனையில எங்க இரிக்கி? காட்டுங்க பாப்பம்." மண்டபம் சிரித்தது. நீங்கள் எழும்பி, சாரத்தின் மடிப்பைச் சரிசெய்வது போலக் காற்சட்டையைத் தட்டிவிட்டு, "இருந்தா எதுக்கு சேர் எழுதணும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். மண்டபம் திரும்பவும் சிரித்தது. இந்தச் சிரிப்பு அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. அடுத்த செயலமர்வுக்கு நம்மை அழைக்கவில்லை. பகலுணவுப் பொதி நன்றாக இருந்த செயலமர்வு அது என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகுதான் கொழும்பிலிருந்து முதற்தடவையாக அந்த யோசனை வந்தது. பதிப்பகக்காரர் நல்ல மனிதர். எங்கும் ஒரு சிக்கலும் வரக் கூடாது என்று நினைப்பவர். புத்தகத்தை இரண்டாக்கலாம் என்றார். முஸ்லிம் பாடசாலைகளுக்கு முஸ்லிம் பெயர்கள், தமிழ்ப் பாடசாலைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள். கணக்குகள் அப்படியே இருக்கும். "பேர் மட்டும்தானே சேர்" என்றார். அவர் சொன்னதில் ஒரு கணக்குப் பிழையும் இல்லை. இருபதிலிருந்து ஏழைக் கழித்தால் பதின்மூன்று வருவதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் உங்களிடம் சொன்னேன், ஒருவேளை விற்பனைக்கு நல்லதாக இருக்கும் என்று. நீங்கள் கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள், சீனி கரைந்து முடிந்த பிறகும்.

"வகுப்பில புள்ளைகள்ட பேர வெட்டுற வேலைய நான் ஒரு தரம் செய்திட்டன், காக்கா. ரெண்டாந்தரம் செய்ய மாட்டன்."

கடல் ஊருக்குள் புகுந்த வருடம் உங்கள் பாடசாலை கடற்கரையில் இருந்தது. திரும்பவும் பாடசாலை தொடங்கியபோது வரவுப் பதிவேட்டை உங்கள் கையில் தந்து, பெயர் இடாப்பைச் சரிசெய்யச் சொன்னார்களாம். இவ்வளவையும்தான் நீங்கள் சொன்னீர்கள். கடைக்காரப் பொடியன் வந்து மேசையைத் துடைத்தான். கொழும்புக்கு நான் அழைத்து, முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். ஆசிரியர் குழு கூடித் தீர்மானித்தது என்றேன். பதிப்பகக்காரர் அப்போது விட்டுவிட்டார். நீங்கள் இருக்கும்வரை விட்டுவைத்தார் என்று இப்போது விளங்குகிறது.

நீங்கள் போன பிறகு முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் உங்கள் சேவை விபரம் வந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர், கணித பாட ஆலோசகர், பதில் அதிபர். 'பதில்' என்ற சொல்லை அவர்கள் மறைக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் நீங்கள் செய்த வேலைக்கு முன்னால் அந்தச் சொல் காவலுக்கு நின்றது. நிரந்தர அதிபர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைகளுக்குப் போவீர்கள். திரும்பி வந்து, "நல்ல கதிரை போட்டிருந்தாங்க" என்று சொல்வீர்கள். பூவரசடியைப் பற்றி மலரில் ஒரு வரி இல்லை.

ஆகவே வியாழக்கிழமை இரண்டு கட்டுகளையும் மேசையில் விரித்தேன். பச்சைக் கட்டில் கோகிலவாணியைக் காணவில்லை. அவளுடைய இடத்தில், அவளுடைய உயரத்தோடும் கூரையைப் பார்க்கும் பழக்கத்தோடும், நஸ்ரின் என்று ஒரு பிள்ளை இருந்தது. காவியில் றிஸ்லா போய், இடக்கைக்காரி ஒரு சுகந்தி வந்திருந்தாள். பச்சைக் கட்டில் மிஞ்சியிருந்த பழைய பிள்ளைகள் எல்லாம் நீங்கள் பெயர் வைத்தவர்கள். காவியில் மிஞ்சியவர்கள் நான் பெயர் வைத்தவர்கள். மற்றவர்களுக்குக் கம்பியூட்டர் பெயர் வைத்திருந்தது. கம்பியூட்டர் கொஞ்சம் ஆர்வக்கோளாறும் செய்திருந்தது. பச்சையில் ரவியை எல்லாம் றபீக் ஆக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். அது சொன்ன சொல்லைத் தட்டாமல், 'பூவின் மணம் எங்கும் பரவியது' என்ற வரியில் 'பறபீக்யது' என்று போட்டிருந்தது. இனத்தைப் பிரிக்கும் வேலையை மனிதர்கள் இதைவிடத் துப்புரவாகச் செய்வார்கள்.

மாறாமல் இருந்தவர் ஒருவர்தான். இரண்டு கட்டிலும் அதிபர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பெயரில்லாதவரைக் கம்பியூட்டருக்குப் பிடிக்க முடியவில்லை. அது பதிப்பகக்காரரையும் உறுத்தியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசியில் வந்தார்.

"சேர், எல்லாம் ஒரு நிமிஷ வேலையா முடிஞ்சுது. அதிபர் ஒருத்தர்தான் பாக்கி. ரெண்டு பேர் சொல்லுங்க. பச்சைக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு."

ஜும்ஆவுக்குப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். விதியை எடுத்துப் பார்த்தேன்: இந்தக் கரையில் வாழ்கிற எவருக்கும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது. எவ்வளவு காலமாக அந்த விதிக்குள் அடங்கும் ஒரு பெயரைத் தேடியிருக்கிறோம். உங்கள் பெயர், உங்கள் முதலெழுத்துகளோடு, இப்போது விதிக்குள் அடங்குகிறது. தமிழ்ப் பெயர் என்பதால் அதை வைக்கும் உரிமையும் ஒழுங்கின்படி எனக்கே வருகிறது. நேர்முகப் பரீட்சை நடத்தப்படவில்லை. நீங்கள் அதற்குப் போதிய அளவு போய்விட்டீர்கள்.

பகற்சாப்பாட்டுக்கு முன்னர் அவரை அழைத்தேன்.

"ஒரு பேர் சொல்றன். எழுதிக்கொள்ளுங்க."

எழுதினார். எழுதி முடித்ததும், "சேர், இது அவரோட பேரில்லியா?" என்றார்.

"ஓம்."

"காவிக்குச் சரி. பச்சைக்கு எப்பிடி சேர் போடுறது?"

"பச்சை வேணாம்."

"அப்ப காவி மட்டுமா?"

"காவியும் வேணாம். பழைய வகுப்பு. பழைய புள்ளைகள். ஒரு புத்தகம்."

"விக்காது சேர். ரெண்டு பக்கமும் எடுக்க மாட்டாங்க."

"அத அதிபரிட்டச் சொல்லுங்க. அவர் இனிக் கந்தோரிலதான் இருப்பார்."

அவர் மரியாதையாகவே பேசினார். இரண்டு பெயர் தராவிட்டால் தன்னால் இந்த நூலை அச்சிட முடியாது என்றார். நானும் மரியாதையாகவே, அப்படியானால் அச்சிட வேண்டாம் என்றேன். இருவரும் ஒருவருக்கொருவர் சுகம் விசாரித்து முடித்தோம்.

சனிக்கிழமை பழைய பிரதியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு அச்சகத்துக்குப் போனேன். கல்யாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும் அடிக்கிற இடம். இரண்டு சமூகமும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் அங்கேதான் போகிறார்கள். எழுத்துரு மட்டும் வேறு. அச்சகக்காரர் என்னிடம் படித்தவர். பக்கங்களைப் புரட்டி அதிபரின் பெயரில் நின்றார்.

"இந்தப் பேர் நம்மட கம்பியூட்டர்ல இரிக்கி, சேர். அந்தக் கண்ணீர் அஞ்சலி நாமதான் அடிச்ச. அப்பிடியே எடுத்துப் போடலாம்." திரையில் தேடி எடுத்தார். பெரிய எழுத்தில் வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "முன்னுக்கு 'அமரர்' எண்டு கிடக்கு. எடுக்கவா?"

"எடுங்க."

எடுத்தார்.

அட்டைக்கு என்ன நிறம் என்றார். மிச்சம் கிடக்கும் மட்டை எது என்றேன். ஏதோ ஒரு கல்யாணம் நின்றுபோனதில் எடுக்காமல் விட்ட ரோஸ் நிற மட்டை கிடந்தது. இரண்டு சமூகமும் இதுவரை உரிமை கோராத நிறம் என்று விசாரித்து உறுதிசெய்துகொண்டேன்.

வாசிப்புப் பகுதியில் ஒரேயொரு மாற்றம் செய்தேன். உங்களிடம் கேட்காமல் செய்த முதலாவது மாற்றம். ஆடு வகுப்புக்குள் வருகிறது. றிஸ்லாவும் கோகிலவாணியும் கந்தோருக்கு ஓடுகிறார்கள். அதிபர் கூட்டத்திலிருந்து வந்துவிட்டார். மேசையில் இருக்கிறார். பிள்ளைகள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "பாடம் முடியட்டும். அதுவும் இருந்து படிச்சிட்டுப் போகட்டும்" என்கிறார். பிள்ளைகள் திரும்பி ஓடுகிறார்கள். கீழே பயிற்சி: ஆட்டையும் சேர்த்து வகுப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

புத்தகத்தைப் பாடசாலைகளுக்கு அனுப்பினேன். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் சில பொதிகள் திரும்பி வந்தன. பிரிக்காமல் வந்தவையும் உண்டு, பிரித்து வாசித்துவிட்டு மீண்டும் கட்டி வந்தவையும் உண்டு. நலன் விரும்பிகளில் ஒருவர் என்னைப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தி, "அதிபருக்கு நம்மட ஆள் ஒருத்தரும் கிடைக்கல்லையா, சேர்?" என்று கேட்டார். "இவர் நம்மட ஆள்தான்" என்றேன். அவர் பெயரை மனதுக்குள் ஒருமுறை உச்சரித்துப் பார்த்தார், நான் வாசிப்பில் பிழை விட்டுவிட்டேனோ என்று பார்ப்பவர் போல. உங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் தொலைபேசியில், உங்கள் பெயரை ஆட்டோடு சேர்த்தது அவமரியாதை என்றார். கவனத்தில் எடுத்திருக்கிறேன்.

வருகிற வருடத்துக்குப் புதிய வகுப்பு வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் பெயர் வைத்துவிடுவேன். முஸ்லிம் பிள்ளைகளுக்கு நான் வைப்பது ஒழுங்குக்கு மாறு. உங்கள் மகளிடம் போய்க் கேட்டேன். "எனக்கென்ன மாமா தெரியும்?" என்றாள். தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனவள் கோப்பையோடு வரும்போதே மூன்று பெயர் சொன்னாள். மூன்றில் ஒன்று ஆதம்பாவா கடைக்காரரின் மருமகளுடையது. அப்படியே எழுதிக்கொண்டேன். பஸ்ஸில், சந்தையில், ஆஸ்பத்திரி வரிசையில், பிள்ளைகளைக் காணும்போது முதலில் பெயரைத்தான் கேட்கிறேன். சொன்னதும், இவர் எந்த வாங்கில் இருப்பார், பக்கத்தில் யார் என்று மனம் தானாக இடம் பிடிக்கிறது. நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தப் பழக்கம்தான். யார் வந்து இரண்டு பெயர் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வேன்.

நேற்றுப் பின்னேரம் வீட்டுப் படலையில் ஒருவர் நின்றார். இந்தக் கரையின் தெற்கே கோமாரியிலிருந்து பஸ் எடுத்து வந்திருந்தார். தென்னந்தோட்டம் பார்ப்பவர்; சேட்டுப் பையில் புத்தகம், ரோஸ் அட்டை வெளியே தெரிந்தது.

"நீங்கதானே இத எழுதின சேர்?"

"ஓம்."

"நான் என்ட சீவியத்தில ஒரு கூட்டத்துக்கும் போனதில்ல. பேத்தி இதக் கொண்டு வந்து வாசிச்சுப்போட்டு, எங்க அப்பப்பா இவ்வளவு நாளும் போயிருந்தீங்க எண்டு கேக்கிறாள். ரோட்டில புள்ளைகள் எல்லாம் அதிபர் அதிபர் எண்டு கூப்பிடுதுகள்."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பெயரைக் கேட்டேன். அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். உங்கள் பெயர். முதலெழுத்துகளும் அதேதான்.